தார்சாவில் மூத்திர வாடை: இரண்டு பூனைகள் இருக்கும் வீட்டில் செய்த வேலைகள்

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் ஒரு பழைய கட்டு. தெருவாசலில் நுழைந்தால் தார்சா என்ற முன்னறை, அடுத்து பட்டாசல் என்ற கூடம், அதை ஒட்டி அரங்கு என்ற உள்ளறை, பின்னால் அடுக்களை, கழுவுகிற இடமான அங்கணம், புறவாசல். சிவப்புச் சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர். வீட்டில் இரண்டு பூனைகள். பேச்சி பெண், கருப்பு, சில வருஷமாக எங்களோடு இருக்கிறது. செவலை ஆண், தெருவிலிருந்து குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டுமே மணல் தொட்டி பழகியவை. போன கோடையில் அந்தப் பழக்கம் குலைந்தது. தார்சாவில் காலை வைத்தாலே வாடை மூக்கைப் பிடிக்கும். பட்டாசலில் விரித்த பாய் நனைந்து கிடக்கும். துவைத்து மடித்து வைத்த துணியையும் விடவில்லை.

இந்தத் தொல்லை தாங்காமல் பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கமோ ஆற்றங்கரையிலோ விட்டுவிட்டு வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனை அங்கே நாய்க்கும் வண்டிக்கும் தப்பிப் பிழைப்பது பெரும்பாடு. அந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால் செய்து பார்க்க இவ்வளவு இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"வேணும்னேதாம்மா மோளுது. மீன் வைக்காத கோவம் அதுக்கு" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். "பூனைக்குப் பழிவாங்குற கணக்கெல்லாம் கிடையாது அத்தை. ஒண்ணு உடம்புக்கு முடியல, இல்லன்னா தொட்டி பிடிக்கல, அதுவும் இல்லன்னா இது என் இடம்னு அடையாளம் வைக்குது" என்றேன். இந்த மூன்றில் எது என்று பூனையிடம் கேட்க முடியாது. எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் பினாயிலைத் தூக்குவதற்கு முன்னால் வீட்டையே ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அதற்கு வாங்கியது ஒரு யூ.வி. டார்ச். 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பது நல்லது. 395 போட்டதும் வேலை செய்யும், ஆனால் ஊதா வெளிச்சம் தூக்கலாகத் தெரிவதால் கறை அதில் அமுங்கிப்போகும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரைக்குப் பக்கமாகப் பிடித்து, மெதுவாக நடக்க வேண்டும். காய்ந்த மூத்திரம் மங்கின மஞ்சள் பச்சையாகத் தெரியும்.

இந்த வெளிச்சத்தில் ஏமாற்றும் பொருட்களும் உண்டு. சோப்புத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி நீலமாகப் பளிச்சிடும். வாசல் நிலையில் பூசும் மஞ்சள் இருக்கிறதே, அது பூனை மூத்திரம் போலவே மஞ்சள் பச்சையாக ஒளிரும். எங்கள் நிலையில் வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை மஞ்சள் பூசுவார்கள். நிலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து முகர்ந்து பார்த்துத்தான் எது மஞ்சள், எது செவலையின் வேலை என்று பிரித்தோம். புறவாசலில் விறகுக்குப் பின்னால் நீலப்பச்சையாக ஏதாவது பளீரென்று தெரிந்தால் கையை வைத்துவிடாதீர்கள். தேளின் ஓடும் இந்த வெளிச்சத்தில் ஒளிரும். எங்கள் புறவாசலில் அப்படி ஒன்று இருந்தது.

கண்ட இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டு வைத்தோம். காலையில் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது, வட்டங்கள் இரண்டு ரகமாகப் பிரிந்து நின்றன. தார்சாவில் இருந்தவை எல்லாம் சுவரில், தெருப்பக்க ஜன்னலுக்குக் கீழே, நிலையில். தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே தொடங்கி, கீழே ஒழுகிய தடம். அளவு கொஞ்சம்தான், வாடை மட்டும் பயங்கரம். பட்டாசலிலும் அரங்கிலும் இருந்தவை எல்லாம் தரை மட்டத்தில், பாய், மெத்தை, துணி என்று மெத்தென்ற பொருட்களின் மேல். சுவரில் ஒன்றுகூட இல்லை.

முதல் ரகம் பீய்ச்சி அடிப்பது. நின்றபடியே பின்பக்கத்தைச் சுவர் பார்த்துத் திருப்பி, வாலை நிமிர்த்தி, வால் நடுங்க அடிக்கும். அது ஊருக்கு அறிவிப்பு. இரண்டாவது ரகம் உட்கார்ந்து போவது. அது அவசரத்துக்குப் போவது. அதைத் தொட்டியில் போகாமல் வேறு இடத்தில் போகிறது என்றால், தொட்டிக்கும் பூனைக்கும் நடுவில் என்னவோ ஆகியிருக்கிறது என்று பொருள். இரண்டு பூனைகளையும் இரண்டு ராத்திரி தனித்தனி அறையில் விட்டுப் பார்த்ததில் சந்தேகம் தீர்ந்தது. சுவர் செவலையுடையது, பாய் பேச்சியுடையது. வாடை ஒன்றாகத் தெரிந்தாலும் கோளாறு இரண்டு, வைத்தியமும் இரண்டு.

பேச்சிக்கு முதலில் மருத்துவர்

பேச்சியைக் கவனிக்கத் தொடங்கியதும் வேறு சிலதும் கண்ணில் பட்டன. தொட்டிக்குப் போகும், உட்காரும், எழுந்து வரும், மறுபடி போகும். வருவது சில சொட்டுதான். அடிவயிற்றுப் பக்கம் நக்கிக்கொண்டே இருக்கும். அது உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்தோம். ஈரத்தின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. அது ரத்தம்.

கூடையில் போட்டு, மேலே துணி மூடி, ஆட்டோவில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மூடிய துணியை வழியில் விலக்காமல் இருந்தால் பூனை அமைதியாக வரும். மூத்திரத்தைச் சோதித்து, ஸ்கேனும் பார்த்தார்கள். கல் இல்லை, கிருமியும் இல்லை. மூத்திரப்பை உள்ளே புண்பட்டுப்போய் அழன்று இருக்கிறது, இடியோபதிக் சிஸ்டைட்டிஸ், அதாவது காரணம் பிடிபடாத மூத்திரப்பை அழற்சி என்றார்கள். 10 வயதுக்குக் கீழே உள்ள பூனைகளுக்கு மூத்திரக் கோளாறு வந்தால் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இதுதான். இதற்குப் பதற்றத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. கிருமி இல்லாததால் ஆன்டிபயாட்டிக்கால் பலன் இல்லை. வலிக்கு மருந்து கொடுத்தார்கள். நிறையத் தண்ணீர் உள்ளே போக வேண்டும், பூனை பயப்படும் காரணத்தை வீட்டில் தேடுங்கள் என்றார்கள்.

பாயும் துணியும் ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. தொட்டியில் உட்காரும்போது வலிக்கிறது. வலி மூத்திரப்பையில் என்று பூனைக்குத் தெரியாது. தொட்டிதான் வலிக்க வைக்கிறது என்று நினைத்து, மெத்தென்ற வேறு இடம் தேடுகிறது. அதை அடித்தால், மூஞ்சியை ஈரத்தில் தேய்த்தால், அந்தப் பயமும் சேர்ந்து நோய் இன்னும் கூடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண் பூனை உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை, கத்துகிறது என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகவும் குறுகல். சின்னப் படிகமோ சளி போன்ற அடைப்போ அதை மூடிவிடும். மூத்திரம் தேங்கினால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடும். நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம் அது. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுப்பதும் கூடவே கூடாது. மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு. அரை மாத்திரையே கொல்லப் போதும்.

தண்ணீர் விஷயம் சுலபமாக முடிந்தது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்துவிட்டு, வாயகன்ற மண்சட்டிகளை வீட்டில் ஆங்காங்கே வைத்தோம். சாளை மீனை உப்புப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு கரைத்துக் கொடுத்தோம். கருவாட்டை நிறுத்திவிட்டோம்.

தொட்டி

பதற்றத்தின் காரணத்தைத் தேடப் புறப்பட்டால், அது அங்கணத்திலேயே இருந்தது. மணல் தொட்டிக்கு ஒட்டினாற்போல வாஷிங் மெஷின். தண்ணீர் ஊற்றக் கழுவ வசதி என்று எல்லாருமே அங்கேதான் வைக்கிறோம். பூனை உள்ளே உட்கார்ந்திருக்கும்போது மெஷின் உலர்த்தும் கட்டத்துக்கு வந்து கடகடவென்று ஆடினால், அது ஈரக்காலோடு பாய்ந்து வெளியே ஓடும். அங்கணத்துக்கு ஒரே வாசல். செவலை விளையாட்டாக அந்த வாசலில் வந்து படுத்தால் பேச்சிக்கு வெளியே வர வழி இல்லை. ஆனி ஆடிக் காற்றில் புறவாசல் கதவும் அடித்துக்கொள்ளும்.

பூனை எத்தனையோ அதற்கு மேல் ஒன்று என்பது தொட்டிக்கான கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தொட்டிதான். ஒன்றை ஒருவர் மறித்துக்கொண்டால் இன்னொன்றுக்குப் போக வழி இருக்கும்படி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். "சாமி படம் இருக்குற பக்கம் மட்டும் வேண்டாம்மா" என்று அத்தை சொன்னார்கள். சரி என்று அரங்கை விட்டுவிட்டோம். ஒன்று மச்சுப்படிக்குக் கீழே, ஒன்று தார்சா மூலையில், ஒன்று புறவாசல் தாழ்வாரத்தில் என்று இடம் பிடித்தோம். பழைய தொட்டியை உடனே எடுத்துவிடவில்லை. புதிய இடங்களுக்குப் பேச்சி நன்றாகப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் அங்கணத்துத் தொட்டியை எடுத்தோம்.

பூனைத் தொட்டி என்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை சிறியவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளம் எவ்வளவோ, தொட்டி அதில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு இது இரண்டு அடியைத் தாண்டும். மூடி போட்ட தொட்டி நமக்குப் பார்க்க அழகு. பூனைக்கோ வாடை உள்ளேயே அடைந்து நிற்கும், யார் வருகிறார்கள் என்றும் தெரியாது. அதனால் துணி, பாத்திரம் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்கி நானே வெட்டிக்கொண்டேன்.

நீளவாட்டுப் பக்கத்தில், தரையிலிருந்து ஐந்து அங்குலம் விட்டு, ஒரு முழங்கை அகலத்துக்கு மார்க்கர் பேனாவால் கோடு போட வேண்டும். மூலைகளைச் சதுரமாக வெட்டாமல் வளைவாக வெட்டினால் டப்பா பிளக்காது. நான்கு முனையிலும் முதலில் டிரில்லால் ஓட்டை போட்டுவிட்டு, ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு மெதுவாக அறுக்க வேண்டும். கத்தியைக் காய்ச்சி உருக்கி வெட்டுவதைவிட இது நல்லது, புகை இல்லை. அறுத்த விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தோட்டத்து ஓஸில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி அந்த விளிம்பில் மாட்டிவிட்டேன். வயதான பூனையாக இருந்தால் வாசலை மூன்று அங்குலத்துக்கே இறக்கிவிடலாம். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் மண் வெளியே தெறிக்கவில்லை. செவலை கொஞ்சம் தூக்கி அடித்தாலும் அது டப்பாச் சுவரிலேயே நின்றது.

அப்புறம் மணல். இரண்டு தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ரகம் போட்டு, எதில் அதிகம் போகிறது என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. மரவாடியில் வாங்கிய இழைப்புத் தூள், சலித்த ஆற்று மணல், எம்சாண்ட், கடையில் விற்கும் கட்டிபிடிக்கிற களிமண் குருணை எல்லாம் வைத்துப் பார்த்தோம். எம்சாண்டை இரண்டுமே தொடவில்லை. உடைகல் தூள் அது, காலில் குத்தும். இழைப்புத் தூளில் செவலை போனது, பேச்சி முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது. ஆற்று மணல் பிடித்திருந்தது, ஆனால் மூத்திரம் அடியில் இறங்கித் தங்கிவிடுகிறது. திருநெல்வேலி வெயிலில் ஒரே நாளில் வாடை கிளம்பிவிடும். கடைசியில் இரண்டும் ஒத்துக்கொண்டது வாசனை சேர்க்காத, பொடிக் குருணையாக உள்ள களிமண். நம் நாட்டில் அதற்கான பென்டோனைட் களிமண் குஜராத்தின் கட்ச் பக்கம் நிறையக் கிடைக்கிறது. ஈரம் பட்டதும் ஊதி உருண்டையாகிவிடும். உருண்டையை மட்டும் அள்ளினால் போதும். லாவெண்டர், எலுமிச்சை வாசனை போட்டதெல்லாம் நம் மூக்குக்காகச் செய்தது. பூனை அதை விரும்பாது.

திசையன்விளைச் சித்தி இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல தொட்டியே வேண்டாம்ளா, எல்லாம் தேரிக்குப் போயிரும்" என்றார்கள். தேரி என்கிற செம்மணல் மேட்டின் மணல் எவ்வளவு நைசு என்று கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூனை கேட்பது அந்த நைசைத்தான். தோண்ட வேண்டும், மூட வேண்டும், பாதம் நோகக் கூடாது.

இரண்டு அங்குல ஆழத்துக்குள் நிரப்பி, காலையும் ராத்திரியும் அள்ளிவிடுகிறோம். அள்ளியதை அங்கணத்துச் சாக்கடையில் கொட்டக் கூடாது. களிமண் உள்ளே ஊதிக் குழாயையே அடைத்துவிடும். நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்த நேரம் அது. பிள்ளைத்தாச்சி வீட்டில் பூனை ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம் என்பது உண்மை. ஆனால் அது வெளியே வந்து தொற்றும் நிலைக்கு மாற ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். தொட்டிப் பக்கம் நாத்தனாரை விடாமல் நானும் மகளும் பார்த்துக்கொண்டோம். பூனையை விரட்ட வேண்டி வரவில்லை.

செவலையின் சுவர்

செவலைக்கு நோய் இல்லை. அது கடுவனாக, அதாவது பருவம் வந்த ஆண் பூனையாக வளர்ந்துவிட்டது. தெருவில் சாம்பல் நிறத்தில் ஒரு கடுவன் சுற்றுகிறது. விடியற்காலையில் எங்கள் வாசல் திண்ணையில் ஏறி உட்கார்ந்து தார்சா ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கும். உள்ளே செவலை உறுமும், பதிலுக்கு ஜன்னலுக்குக் கீழே அடிக்கும். சாக்கட்டி வட்டங்கள் ஏன் அந்த ஜன்னலைச் சுற்றியே இருந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கடுவன் மூத்திரத்தின் வாடை தனி. பூனைகளின் சிறுநீரகத்தில் காக்சின் என்று ஒரு புரதம் உண்டு. அது ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த பொருள் உண்டாகக் காரணமாகிறது என்று ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2006ல் காட்டினார்கள். ஃபெலினின் வெளியே வந்து சிதையச் சிதையத்தான் அந்த வாடை எழும்புகிறது. விதை எடுக்காத ஆண் பூனைக்கு இது மிக அதிகம். அறுவை செய்தால் இது குறையும், அடிக்கும் ஆசையும் குறையும். பத்தில் ஒன்பது ஆண் பூனைகள் அடிப்பதை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. செவலைக்கும் செய்தோம். மறுநாளே நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது, உடம்பில் இருக்கும் ஹார்மோன் வடிய சில வாரம் பிடிக்கும். ஆறு மாத வயதை ஒட்டிச் செய்துவிட்டால் பெரும்பாலும் பழக்கமே உண்டாகாது.

ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் பால்வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டினோம். வெளிச்சம் வரும், திண்ணைப் பூனை தெரியாது. திண்ணையையும் வெளிச்சுவரையும் கழுவிவிட்டோம், ஏனென்றால் அந்தச் சாம்பல் கடுவனும் வெளியிலிருந்து அடித்து வைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் சொன்ன யோசனைகளில் இரண்டை யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலையில் மிளகாய்த்தூள் தூவுவது கொடுமை, கண்ணிலும் பாதத்திலும் எரியும். பாச்சை உருண்டை போடுவது நஞ்சு வைப்பது.

வாடையை எடுத்தது

உடம்பையும் தொட்டியையும் சரிசெய்தாலும் பழைய வாடை இருக்கும்வரை பூனை திரும்ப அங்கேயே வரும். நம் மூக்குக்குத் தெரியாத அளவும் அதற்குத் தெரியும். பூனை மூத்திரத்தில் யூரியா இருக்கிறது, அது தண்ணீரில் கரைந்து போய்விடும். யூரிக் அமில உப்புகள் எளிதில் கரையாது. தரையின் நுண்துளைகளில் படிகமாக உட்கார்ந்துகொண்டு, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மறுபடி வாடையைக் கிளப்பும். வெயில் காலத்தில் போய்விட்டது என்று நினைத்த வாடை ஐப்பசி மழையில் திரும்பி வருவது இதனால்தான்.

பினாயில் இதற்கு ஆகாது. கறுப்புப் பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகளைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். மூத்திரத்து அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சு வாயு வரும். வெந்நீர் ஊற்றினால் புரதம் இறுகி வாடை இன்னும் பிடித்துக்கொள்ளும். வினிகர் சிமெண்ட் தரையின் மினுமினுப்பை அரித்துவிடும். வேலை செய்தது என்சைம் கிளீனர்தான், செல்லப்பிராணி மூத்திரத்துக்கென்றே விற்பது. பழத்தோலும் வெல்லமும் புளிக்கவைத்து வீட்டில் செய்யும் கரைசலையும் பயோ என்சைம் என்கிறார்கள். அது புளிப்புத் தண்ணீர், யூரிக் அமிலத்தை உடைப்பதற்கென்று செய்தது அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாற வேண்டாம்.

பாட்டிலில் பதினைந்து நிமிடம் விட்டுத் துடைக்கவும் என்று போட்டிருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தரையில் ஊற்றினால் அதற்குள் காய்ந்தேவிடும். என்சைம் ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். அதனால் இப்படிச் செய்தோம். முதலில் பச்சைத் தண்ணீரால் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தோம். சோப்பு போடவில்லை, சோப்பு மிச்சம் இருந்தால் என்சைம் மந்தமாகிவிடும். மூத்திரம் பரவியதைவிட ஒரு கை அகலம் கூடுதலாகக் கரைசலை ஊற்றி, வெடிப்புகளில் சிரிஞ்சால் இறக்கினோம். மேலே ஒரு துணியைப் போட்டு, அதையும் கரைசலில் நனைத்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து ஓரங்களில் கல் வைத்து ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் ஷீட்டை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிட்டோம். முதலில் வாடை கொஞ்சம் கூடித் தெரியும், உள்ளே இருப்பது உடையும்போது அப்படித்தான். காய்ந்த பிறகு குறையும். பழைய கறைகளுக்குத் திரும்பவும் செய்ய வேண்டியிருந்தது. அதுவரை அந்த இடங்களில் அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தோம்.

பாய்தான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பத்தமடையில் சொல்லி நெய்த பாய், இரண்டு பேர் பெயரும் ஓரத்தில் நெய்தது. பேச்சி அதன் ஒரு மூலையில் போயிருந்தது. கோரை ஆற்றுத் தண்ணீரில் ஊறியே பதமாவது, அதனால் ஈரத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று தோன்றியது. பயம் சாயத்துக்குத்தான். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்துச் சிவப்பில் அழுத்திப் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை. பிறகு அந்த மூலையை மட்டும் ஒரு தாம்பாளத்தில் கரைசல் ஊற்றி அமிழ்த்தி வைத்தேன். கோரையை விட அதைக் கோத்திருக்கும் பருத்தி நூலில்தான் மூத்திரம் அதிகம் தங்கியிருந்தது. யூ.வி. டார்ச்சில் நூல் ஓடும் கோடுகள் மட்டும் தனியாக மின்னின. பாயை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் கொடியில் தொங்கவிட்டேன். வெயிலில் போட்டால் கோரை முறியும். கோடுகள் மங்கும்வரை திரும்பச் செய்தேன். பாய் பிழைத்துக்கொண்டது. பெயர்கள் இருக்கும் ஓரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தார்சாச் சுவரில் சுண்ணாம்பு வாடையை உறிஞ்சி வைத்திருந்தது. கரைசலைத் தெளித்துக் காயவிட்டு, கறை பட்ட பகுதியைப் பூச்சு வரை சுரண்டி, எண்ணெய் கலந்த பிரைமர் ஒரு பூச்சு அடித்த பிறகுதான் பெயிண்ட் அடித்தோம். பிரைமர் இல்லாமல் நேரே பெயிண்ட் அடித்தால் மழைக்கு வாடை மேலே வந்துவிடும். நிலைக்கு உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்தாயிற்று. அத்தை இப்போது மஞ்சளை மேல்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், டார்ச் அடித்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அவர்களே சொன்னது.

இந்தக் கார்த்திகை மழையில் வீடு முழுக்க மறுபடி முகர்ந்து பார்த்தோம். ஈரம் ஏறிய காற்றுதான் சரியான பரீட்சை. தார்சா சுத்தம், பட்டாசல் சுத்தம். பேச்சிக்குத் திரும்ப ஒருமுறை நோய் தலைகாட்டியது, நாத்தனார் பிள்ளையின் பெயர் சூட்டுக்கு வீடு நிறைய ஆட்கள் வந்த சமயம். மச்சில் தனி அறை, தொட்டி, தண்ணீர் என்று ஒதுக்கிக் கொடுத்ததும் அடங்கியது. இனி விசேஷம் வந்தால் ஆட்கள் வருவதற்கு முன்பே அந்த அறையைத் தயார் செய்துவிடுவோம்.

மீதி இருப்பது இலவம்பஞ்சு மெத்தை. இலவம்பஞ்சில் மெழுகுத்தன்மை உண்டு, தண்ணீர் அதில் ஒட்டாமல் அடியில் இறங்கி உறைத்துணியில் தங்கிவிடுகிறது. மேலிருந்து கரைசல் ஊற்றிப் பயன் இல்லை, அதுவும் பஞ்சில் ஒட்டி நிற்காது. தை பிறந்து வெயில் வந்ததும் பஞ்சைப் பிரித்துக் காயப்போட்டு, கட்டிப்போனதை எடுத்துவிட்டு, புது உறையில் திணித்துத் தைக்கக் கொடுக்க வேண்டும்.